அந்தோனிப்பிள்ளை போகாத கனடா

முன்னாள் கனேடியப் பாராளுமன்ற உறுப்பினர் சிவகடாட்சம் பொய் சொல்கிறார். சுருவில் என்ற தீவுக் கிராமத்து அந்தோனிப்பிள்ளையை அவர் கனடாவுக்கு அழைத்துவரவில்லை. அழைத்துவருவதற்காக ஒரு தொலைபேசி அழைப்புக்கூட எடுக்கவில்லை.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்பீர்கள். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய தொகுதி அலுவலகத்தில், அவர் முதலாவது தடவை வென்ற நாளிலிருந்து அரசியலை விட்ட நாள்வரை வேலை செய்தவள். இப்போது ஓய்வுபெற்றுச் சுருவிலில் தங்கை வீட்டோடு இருக்கிறேன். வருகிற மாதம் அவருடைய ஊரான இறுப்பிட்டியில் தகப்பனாரின் பெயரில் ஒரு மண்டபம் திறக்கிறார்கள். திறக்க அவரே வருகிறார். அதற்கு ஒரு விழா மலரும் வெளியிடுகிறார்கள். விழாக்குழுச் செயலாளர் கனகரத்தினம் மாஸ்டர் மோட்டார் சைக்கிளில் வந்து, "அக்கா, அவரோடை கனகாலம் வேலை செய்தது நீங்கள்தான். நாலு பக்கம் எழுதித் தாங்கோ" என்று கேட்டார். எழுதிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் திருப்பிக் கொண்டுவந்து தந்தார்.

"அக்கா, இது மலருக்குச் சரிவராது. கொஞ்சம் இனிப்பாய் எழுதுங்கோவன்."

"எனக்குச் சீனி வருத்தம் மாஸ்டர். இனிப்பு ஆகாது" என்றேன்.

ஆகவே பத்திரிகைக்குத் தருகிறேன்.

"நான் ஒரு பொதுச்சேவைக் குடும்பத்திலிருந்து வந்தவன்" என்று சிவகடாட்சம் எல்லா மேடையிலும் சொல்வார். அது உண்மை. தகப்பனார் ஊர்காவற்றுறையில் டி.ஆர்.ஓ. என்கிற காரியாதிகாரியாக இருந்தவர். அந்தக் காலத்தில் தீவுப்பகுதிக்கு அரசாங்கம் என்றால் அவர்தான். தாயார் பள்ளிக்கூட அதிபர். தமையனுக்குக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், வேலை. அந்த வீட்டில் அரசாங்கச் சம்பளம் எடுக்காதவர் நாய் மட்டும்தான் என்று ஊரில் பகிடி சொல்வார்கள்.

டி.ஆர்.ஓ.வை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் புயலில் எங்கள் வள்ளம் உடைந்துபோனது. நிவாரணம் கேட்க என்னைப் பெற்ற ஐயா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காணிக்காரர்களுக்கு விறாந்தையில் கதிரை போட்டிருந்தது. நாங்கள் முற்றத்தில் வெயிலில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது அவர் தலையை நிமிர்த்தாமலே, "எந்த ஊர்? ஆற்றை ஆக்கள்?" என்று கேட்டார். ஐயா எங்கள் ஊரையும் யாருடைய ஆட்கள் என்பதையும் சொன்னார். "நீ பிறகு வா" என்றார். என் ஐயா அவரைவிட வயதில் மூத்தவர்.

வள்ளம் கிடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த வருடத் தொழில் முடிந்தபிறகு கிடைத்தது.

மகன் சிவகடாட்சம் படித்துக் கணக்காளராகிக் கனடாவுக்குப் போனார். பிறகுதான் நாட்டில் சண்டை பெருத்தது, நாங்களும் ஓடினோம். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே பாடசாலைச் சபை உறுப்பினர். இரவில் கட்டடங்கள் கூட்டித் துடைத்து, பகலில் ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு தேர்தலில் அவருக்காக வீட்டு வாசல்களில் விளம்பரப் பலகை அடிக்கப் போனேன். எங்கள் ஆள் ஒருவர் அந்தச் சபைகளில் இருக்கவேண்டும் என்று அப்போது எல்லோரையும்போல நானும் நினைத்தேன். அவர் நகரசபைக்கு வந்தார். பாராளுமன்றத்துக்கு ஒருமுறை நின்று தோற்றார், மறுமுறை வென்றார். வயதானவர்களோடு தொலைபேசியில் பொறுமையாகப் பேசுகிறேன் என்று என்னை அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்.

வேலை தெரிந்த மனிதர். அதை மறைக்கமாட்டேன். சத்தம் போட்டுப் பேசமாட்டார். பிந்தி வரமாட்டார். ஒருவரை ஒருதடவை கண்டால் பெயரை மறக்கமாட்டார். கொட்டும் பனியில் வீடு வீடாக ஏறி இறங்குவார், கூடப் போகிற இளம் ஆட்கள் களைத்துக் காருக்குள் இருந்துவிடுவார்கள். செத்தவீடு, கலியாணவீடு ஒன்றையும் விடமாட்டார். எல்லா இடத்துக்கும் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பத்திரம் கொண்டுபோவார். அரங்கேற்றத்துக்கு வாழ்த்துப் பத்திரம், கோயிலுக்குப் பாராட்டுப் பத்திரம், செத்தவருக்கு அனுதாபப் பத்திரம். அச்சடித்து, பொன் முத்திரை ஒட்டிச் சட்டம் போடுவது என் வேலை. தீவுப்பகுதி வீடுகளில் இன்றைக்கும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் நான் சட்டம் போட்ட பத்திரங்கள் தொங்குகின்றன.

அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விசா விசயமாக வருவார்கள். ஒரு பாராளுமன்ற உறுப்பினரால் விசா கொடுக்க முடியாது. கொடு என்று கட்டளையிடவும் முடியாது. அவரால் செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, அலுவலகத்திலிருந்து குடிவரவுத் திணைக்களத்துக்கு எழுதி, இன்னாருடைய விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பது. அதை நாங்களே செய்வோம். பதில் வரக் கிழமைக்கணக்கில் ஆகும். மற்றது, அவரே அமைச்சரின் அலுவலகத்தோடு பேசி, இது அவசரம், தயவுசெய்து இன்னொருமுறை பாருங்கள் என்று கேட்பது. சாகக் கிடக்கிறார்கள் என்றால் அதற்கு இடமுண்டு. அப்படிக் கேட்டு விசா வந்ததைப் பலமுறை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

எந்த விசயம் எந்த வழியில் போவது என்பதைத் திங்கட்கிழமைக் காலையில் அவர் தீர்மானிப்பார். கோட்டைக் கழற்றிக் கதிரையில் மாட்டிவிட்டு, சீனி போடாத தேத்தண்ணியோடு வந்து இருப்பார். நாங்கள் ஒவ்வொன்றாகச் சொல்வோம். சோமாலியர், சீனர், பிலிப்பைன்ஸ்காரர் என்று பலர் அந்தத் தொகுதியில் இருந்தார்கள். அவர்களுக்கு நோய் என்றால் நோய், சாவு என்றால் சாவு. உடனே முடிவு சொல்வார். நீதியான முடிவாகத்தான் இருக்கும்.

எங்கள் ஆட்கள் என்றால் மட்டும் முதலில் இரண்டு கேள்வி.

"எந்த ஊர்?"

சொல்வேன்.

"ஆற்றை ஆக்கள்?"

யாழ்ப்பாணத்தாருக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. தகப்பன் பெயரை அறிவதற்காக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. பதிலைக் கேட்டுவிட்டு ஒன்றில் "நான் கதைக்கிறன்" என்பார், அல்லது "வழமைபோல அனுப்பும்" என்பார். இந்த இரண்டு வசனத்துக்கும் இடையில் ஒரு சமுத்திரம் இருந்தது.

எங்களோடு வேலை செய்த லிண்டா என்ற வெள்ளைக்காரப் பெண் ஒருநாள் என்னிடம், அவர் தமிழில் என்ன கேட்கிறார் என்று விசாரித்தாள். ஊரையும் குடும்பத்தையும் கேட்கிறார் என்றேன். "எவ்வளவு நல்ல மனிதர், ஒவ்வொருவரின் குடும்பத்தையும் அறிந்து வைத்திருக்கிறார்" என்றாள். அதன் அர்த்தத்தை விளக்கப் பார்த்தேன். அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

இனி மெற்றில்டாவின் விசயத்துக்கு வருகிறேன்.

மெற்றில்டா எங்கள் ஊர்ப் பிள்ளை, எனக்குச் சொந்தமில்லை. கலியாணம் பேசிக் கனடாவுக்கு வந்தவள். கட்டியவன் விட்டுவிட்டுப் போனான், பிள்ளையும் இல்லை. ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை செய்தாள். வயிற்றில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தபோது அது பரவிவிட்டது. தாய் முன்னரே செத்துப்போனார். உலகத்தில் அவளுக்கென்று இருந்தது ஊரில் தகப்பன் அந்தோனிப்பிள்ளை ஒருவர்தான். அவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

அந்தோனிப்பிள்ளை விண்ணப்பித்தார். விரல் அடையாளம் கொடுக்க பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனார். வாழ்நாள் முழுக்க வலைக்கயிறு இழுத்து அவருடைய விரல்களில் ரேகை தேய்ந்துவிட்டது. இயந்திரம் எடுக்கவில்லை. துடைத்து, ஈரம் பண்ணி, திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார்கள். அங்கிருந்த பெடியன் சலித்துப்போய், "ஐயா, உங்களுக்குக் கையே இல்லைப்போல" என்றானாம். கடைசியில் ஒருவிதமாக எடுத்தார்கள். பிறகு விசா மறுத்துவிட்டார்கள். காரணம், கனடாவுக்கு வந்தால் திரும்பிப் போவார் என்ற நம்பிக்கை தங்களுக்கு இல்லையாம். காணி உறுதி இல்லை, வங்கியில் சேமிப்பு இல்லை.

அவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "பிள்ளை, என்ரை வள்ளம் இஞ்சை கிடக்கு. வலை கிடக்கு. உங்கை நிண்டு நான் என்னத்தைப் பிடிக்கிறது, பனியையோ? என்ரை மகளின்ரை முகத்தைப் பாத்திட்டுத் திரும்பிடுவன் எண்டு அவையளுக்குச் சொல்லுங்கோ."

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவளுடைய விசயத்தை முதலாவதாக எடுத்தேன். மருத்துவரின் கடிதம் மேசையில் இருந்தது. சிவகடாட்சம் அதை வாசித்தார்.

"எந்த ஊர்?"

"சுருவில், அண்ணை."

"சுருவிலிலை எந்தப் பக்கம்?"

"கடற்கரைப் பக்கம்."

"கோயிலடியோ, சேர்ச்சடியோ?"

"சேர்ச்சடி."

"ஆற்றை ஆக்கள்?"

"அந்தோனிப்பிள்ளையின்ரை மகள். கடல் தொழில்."

மருத்துவரின் கடிதத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். "வழமைபோல அனுப்பும்."

"அண்ணை, டொக்ரர் கனநாள் இல்லையெண்டு எழுதியிருக்கிறார். வழமைபோல அனுப்பினா பதில் வாறதுக்கிடையிலை எல்லாம் முடிஞ்சிடும். நீங்கள் ஒருக்கா அமைச்சரின்ரை ஒவ்விசோடை கதைச்சா..."

"ஜெசிந்தா, சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே."

அடுத்த விசயம் இறுப்பிட்டிக்காரர் ஒருவருடையது. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்குத் தாய்மாமன் வரவேண்டும், விசா மறுத்துவிட்டார்கள். ஆற்றை ஆக்கள் என்று கேட்டார். சொல்லப்பட்டது. "ஓ, அவையே! நான் கதைக்கிறன்" என்றார். அன்றைக்கே கதைத்தார். மாமன் வந்தார். மண்டபத்தில் பிள்ளையின் பல்லக்கைத் தூக்கினார். அந்த வீட்டுக்கும் நான் ஒரு வாழ்த்துப் பத்திரம் சட்டம் போட்டேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கார் தரிப்பிடத்தில் அவரை மறித்து இன்னொருமுறை கேட்டேன்.

"உம்மடை ஊர் எண்டதாலை நீர் துடிக்கிறீர்" என்றார் சிரித்துக்கொண்டே.

"நீங்கள் உங்கடை ஊருக்குத் துடிக்கேல்லையோ?"

"உம்மடை வாய், ஜெசிந்தா!" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கோபப்படவுமில்லை. கோபப்படுகிற அளவுக்கு அது அவருக்கு ஒரு விசயமாகவே இருக்கவில்லை.

அவர் கதைத்திருந்தால் கட்டாயம் விசா கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் கேட்டிருக்கலாம். கேட்பதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

மெற்றில்டாவின் கடைசி நாளில் அவளுக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். கண் திறக்க முடியவில்லை, காது கேட்டது. தொலைபேசியை அவள் காதோடு பிடித்தேன். மற்றப் பக்கத்தில் அந்தோனிப்பிள்ளை அழுவார் என்று நினைத்தேன். அவர் அழவில்லை. அன்றைக்கு வலையில் பட்ட மீனைச் சொல்லிக்கொண்டிருந்தார். "இண்டைக்கு ஓரா பட்டது மோனை. ஒட்டி கொஞ்சம். காத்து இறங்கீட்டுது. நீ கிடந்து நித்திரை கொள்." ஒவ்வொரு மீனாகப் பேர் சொல்லி, திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். அவள் மூச்சு நின்றபிறகும் அவருக்குத் தெரியாமல் கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் நிறுத்தினேன்.

அடக்கம் முடிந்தபிறகு திணைக்களத்திலிருந்து பதில் வந்தது. மேலதிக ஆவணங்கள் தேவையாம்.

சிவகடாட்சம் அடக்கத்துக்கு வந்தார். அனுதாபப் பத்திரத்தோடு வந்தார். ஒலிவாங்கியைப் பிடித்து, "தந்தையாரை அழைத்துவர நாங்கள் இயன்ற முயற்சியெல்லாம் எடுத்தோம்" என்று சொன்னார். சனம் தலையாட்டியது. அந்தப் பொய் அன்றைக்குப் பிறந்தது.

அது வளர்ந்ததையும் நான் பார்த்தேன். அடுத்த தேர்தலில் ஒரு கூட்டத்தில், "விசா எடுத்துவிட்டோம், துரதிர்ஷ்டவசமாகப் பிந்திவிட்டது" என்றார். அரசியலை விட்டபோது நடந்த பிரியாவிடை விருந்தில், தகப்பன் செத்தவீட்டுக்கு வந்ததாகச் சொன்னார். இப்போது மலரில் அவருடைய வாழ்க்கை வரலாற்றில், சாகும் மகளின் கையைத் தகப்பன் பிடித்திருக்க அவர் வழிசெய்தார் என்று எழுதியிருக்கிறார்கள். மாஸ்டர் பெருமையாக எனக்கு வாசித்துக் காட்டினார். சொல்லிச் சொல்லிச் சிவகடாட்சமே அதை நம்பிவிட்டாரோ தெரியாது. எனக்கு அதைப்பற்றிக் கவலையில்லை.

ஏன் வேலையை விடவில்லை என்று கேட்பவர்களுக்கு: வாடகை கட்டவேண்டும், சாப்பிடவேண்டும். ஆனால் அதன்பிறகு திங்கட்கிழமைகளில் ஆற்றை ஆக்கள் என்று கேட்டால், "விசாரிக்கேல்லை அண்ணை" என்றுதான் சொல்வேன். "விசாரிச்சுச் சொல்லும்" என்பார். விசாரிக்கமாட்டேன். ஒருநாளும் என்னை வேலையால் நிறுத்தவில்லை. அவரே தொலைபேசி எடுத்து விசாரித்துக்கொள்வார்.

இதெல்லாம் பழங்கதை, விட்டுவிடலாம் என்று நானும் இருந்திருப்பேன். ஆனால் போன மாதம் விழா அறிவித்தல் தொலைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. அதில் இந்தக் கதையும் இருந்தது. அந்தோனிப்பிள்ளை இப்போது கடலுக்குப் போவதில்லை. முழங்கால் ஏலாது. வீட்டு வாசலில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலை பொத்துவார். கடைக்குப் போனால், "என்ன அந்தோனியண்ணை, கனடா போய் வந்தனியளாம், எங்களுக்கு ஒரு சொக்கிலேற்கூடக் காட்டேல்லை" என்று பகிடி விட்டிருக்கிறார்கள். பகிடி விட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. சேர்ச்சில் ஒரு பெண் மட்டும் வேறுவிதமாகக் கேட்டாள்: "மகளைக் கடைசியாப் பாத்தும் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே மாமா?" அவர் பூசை முடியமுன் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மாஸ்டரும் இன்னொருவரும் அவர் வீட்டுக்குப் போனார்கள். நான் அப்போது அங்கே இருந்தேன். விழாவில் சிவகடாட்சத்துக்கு முதல் மாலை அந்தோனிப்பிள்ளை போடவேண்டுமாம்.

"ஐயா, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை" என்றார் மாஸ்டர். "வான் அனுப்புவம். மாலையைப் போட்டிட்டு இறங்கினாச் சரி."

"ஏன் நான் போடோணும்?"

"உங்களைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரெல்லே."

"நான் போகேல்லையே."

மாஸ்டருக்கு உண்மையாகவே தெரியாது என்று நினைக்கிறேன். என்னைப் பார்த்தார். கூட வந்தவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஐயா, அவர் எவ்வளவோ செய்யிறார் ஊருக்கு. நீங்கள் மேடையிலை நிண்டா உங்கடை மகளுக்கும் மரியாதைதானே" என்றார்.

அந்தோனிப்பிள்ளை வலையைக் கீழே வைத்தார். "தம்பி, என்ரை மகள் சாகேக்கை நான் உந்தக் கதவடியிலை நிண்டு போனிலை கதைச்சுக்கொண்டிருந்தனான். பக்கத்திலை இருந்தது இந்தப் பிள்ளை. நான் அங்கை போய்க் கையைப் பிடிச்சனான் எண்டு சொன்னா, செத்தவள் என்ன நினைப்பாள்? அப்பா வந்து நிண்டும் எனக்குத் தெரியாமப் போச்செண்டு நினைக்கமாட்டாளோ?"

அந்தோனிப்பிள்ளை வலையைத் திரும்ப எடுத்தார். வான் மட்டும் அனுப்பச் சொன்னார். விழாவுக்கு வருவாராம். மாலை தொடமாட்டாராம்.

சிவகடாட்சம் அவர்களே, இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும். உங்கள் ஆட்கள் எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு வாய் கூடிவிட்டது என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் இறுப்பிட்டியில் நாடாவை வெட்டுவதற்கு முன் ஒலிவாங்கிக்கு வாருங்கள். முன்வரிசையில் இருக்கும் அந்தோனிப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, தமிழில், எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். அவர் எப்போது கனடாவுக்கு வந்தார்? விமான நிலையத்தில் அவரைக் கூட்டிக்கொண்டது யார்? அவர் எங்கே தங்கினார்? வரவில்லை என்றால், அமைச்சரின் அலுவலகத்தோடு பேசச் சொல்லி உங்களை இரண்டு தடவை கேட்டும் ஏன் பேசவில்லை? சாமத்தியவீட்டு மாமனுக்கு மட்டும் எதற்காகப் பேசினீர்கள்? காரணத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். தனியாக என்னைக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், வரமாட்டேன். அவருக்குச் சொல்லுங்கள், சபையில் சொல்லுங்கள்.